பதிவேட்டில் 24, திரையில் 16

மார்ச் மாதக் கடைசி. சேர்வராயன் மலையில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்து, தோட்டங்களில் காப்பி பூக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்த மூத்த ஆசிரியர் மே 31 அன்று ஓய்வு பெற இருந்தார். அந்தப் பொறுப்பு எனக்கு வருகிறது என்று தலைமை ஆசிரியர் சொன்னார். நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணினியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பணியிடைப் பயிற்சிகளில் கேட்டதும் வீட்டில் தட்டுத் தடுமாறிக் கற்றதும்தான்.

பொறுப்பு ஒப்படைப்பு என்றால் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதல்ல என்பது நமக்கெல்லாம் தெரியும். இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்து, அதன் வரிசை எண்ணைச் சரிபார்த்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். எங்கள் பதிவேட்டில் 20 மேசைக் கணினிகள், 4 மடிக்கணினிகள், ஆக 24. ஆய்வகம், அலுவலகம், தலைமை ஆசிரியர் அறை, திறன் வகுப்பறை என்று அவை சிதறிக் கிடந்தாலும், எண்ணிப் பார்த்தால் 24 இருந்தன. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. எது எந்த எண் என்பதில்தான்.

மலைப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விடுவதில்லை. மூடுபனி சன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும். கணினியின் பின்புறம் ஒட்டிய வரிசை எண் சீட்டுகள் பூஞ்சை பூத்து, மை கலங்கி, ஓரம் சுருண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. 24 கணினிகளில் எண்ணைப் படிக்க முடிந்தது ஒன்பதில் மட்டுமே. முந்தைய தணிக்கையில் ‘வரிசை எண்கள் சரிபார்க்க இயலவில்லை’ என்று ஒரு தடை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நீங்காமல் நிலுவையின்மைச் சான்று கிடைக்காது. அந்தச் சான்று இல்லாமல் அவருடைய ஓய்வூதியக் கோப்பு நகராது.

“இருக்கிற பொருள இருக்குதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு பாடாம்மா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த ஒருவர், காணாமல் போகாத கணினிகளுக்குப் பதில் சொல்லும் நிலையில் நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது.

சீட்டு உதிர்ந்தாலும் எண் அழிவதில்லை. பெரும்பாலான நிறுவனக் கணினிகளின் தாய்ப்பலகையில், பயாஸ் என்னும் அடிப்படை நிரலுக்குள், தயாரிப்பாளர் அந்த வரிசை எண்ணைப் பதித்தே அனுப்புகிறார். ஒவ்வொரு கணினியாக இயக்கி அதைப் படிக்கலாம். வலையமைப்பில் உள்ள எல்லாக் கணினிகளிடமிருந்தும் திரட்டித் தரும் மென்பொருள்களும் உள்ளன. ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். பணம் கட்டத் தேவையில்லை. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளில் அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்துவிடலாம் என்று சாரிடம் சொல்லியும்விட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இப்போது தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணினிகளும் திறன் வகுப்பறைகளும் வந்துவிட்டன. யாரோ ஒருவர் மேசைமேல் இதே பதிவேடு இன்றைக்கும் விரிந்து கிடக்கும்.

வலையமைப்பில் கணக்கெடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாம் தெருவில் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்பது. மற்றொன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆளை அமர்த்தி, அவரே தினமும் நம்மிடம் வந்து சொல்லும்படி செய்வது. முதலாவது துழாவல். இரண்டாவதில் கணினிக்குள் ஒரு சிறு நிரல் அமர்ந்து, தன்னைப் பற்றிய விவரத்தை மையக் கணினிக்கு அனுப்பும். அதற்கு முகவர் என்று பெயர்.

முதலில் கதவைத் தட்டிப் பார்த்தேன். எங்கள் வலையமைப்பில் முகவரிகள் 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை. மென்பொருள் அத்தனையையும் தட்டிவிட்டு 31 கருவிகள் இருப்பதாகச் சொன்னது. 24 இருக்க வேண்டிய இடத்தில் 31! ஒரு கணம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது ரவுட்டர் ஒன்று, அச்சுப்பொறி ஒன்று, மற்றும் ஆசிரியர்களின் கைப்பேசிகள். ஒரு மடிக்கணினி கம்பி வழியாக ஒரு முகவரியும் வைஃபை வழியாக ஒரு முகவரியும் வாங்கிக்கொண்டு இரண்டு ஆளாக நின்றது. இதற்கு நேர்மாறாக, கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த சில கணினிகள் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் தான் இணைந்திருப்பது பொது வலையமைப்பு என்று கருதினால், அதன் தீயரண் வெளியிலிருந்து வரும் தட்டலுக்குப் பதில் சொல்லாது. பேருந்து நிலைய வைஃபையில் அது நல்ல பழக்கம். பள்ளி ஆய்வகத்தில் அது வீட்டுக்குள் இருந்துகொண்டே கதவைத் திறக்காத பிள்ளை மாதிரி.

ஆக, துழாவல் மிகுத்தும் சொல்கிறது, குறைத்தும் சொல்கிறது. அந்த எண்ணை நம்பி எதையும் எழுத முடியாது. முகவர் வழிக்கு மாறினேன். ஒவ்வொரு கணினியிலும் நிரலை நிறுவி, அலுவலகத்தில் இருந்த ஒரு கணினியை மையமாக வைத்து, மறுநாள் காலையில் திரையைப் பார்த்தேன்.

16.

இங்கே நான் செய்த முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் எல்லாக் கணினிகளிலும் முகவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இரண்டு நாள் போயிற்று. மறுபடியும் 16. எது கோளாறு என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், சரியானாலும் காரணம் தெரியாது, சரியாகாவிட்டாலும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதைத்தான் நான் மறந்திருந்தேன்.

அதன்பிறகு ஒன்பதாம் வகுப்பிலிருந்து எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டேன். உதவிக்கு ஆள் வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். கற்பித்தல் நோக்கம் எல்லாம் பிறகு வந்தது. பெரும்பாலோர் மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். பெற்றோர் காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும் வேலை செய்பவர்கள். அவர்களிடம் ஓர் அட்டவணை போடச் சொன்னேன். மேசை எண், கணினி இயங்குகிறதா, திரையில் காட்டும் தேதி, வலை முகவரி, இயங்குதளம், மையத் திரையில் பெயர் வந்ததா. எதையும் சரிசெய்யக் கூடாது, பார்த்து எழுத மட்டும் வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒரு தாள்தான் எல்லாவற்றுக்கும் விடை சொன்னது.

முதலில் பிடிபட்டது எளிது. அலுவலகக் கணினி ஒன்றின் முகவரி மட்டும் 169.254 என்று தொடங்கியது. மற்றவை எல்லாம் 192.168. “இது மட்டும் வேற ஊர்ல இருக்குதுங்க டீச்சர்” என்றான் ஒரு மாணவன். சரியான விடை. ஒரு கணினி முகவரி கேட்டும் யாரும் கொடுக்காதபோது, தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். அந்தத் தொடரைக் கண்டால் மென்பொருளைத் தொடவே வேண்டாம், கம்பியைப் பாருங்கள். பார்த்தோம். அலமாரிக்குப் பின்னால் எலி கடித்திருந்தது. புதுக் கம்பி போட்டதும் 17.

இரண்டாவது, தேதி. அட்டவணையில் இரண்டு கணினிகளுக்கு எதிரே 2012 ஜனவரி 1 என்று எழுதியிருந்தது. எழுதிய மாணவி தவறு செய்துவிட்டாள் என்று நினைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். “அப்படித்தாங்க டீச்சர் காட்டுது” என்றாள்.

மின்சாரம் இல்லாதபோதும் கணினிக்கு நேரம் தெரியக் காரணம், தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் சிஆர் 2032 என்னும் பொத்தான் மின்கலம். அது தீர்ந்துபோனால், கணினியை அணைத்து மின்சாரத்தை நிறுத்திய ஒவ்வொரு முறையும் கடிகாரம் தன் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். கோடை விடுமுறையிலும் மழைக்கால மின்தடையிலும் நெடுநாள் அணைந்தே கிடக்கும் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

சரி, தேதி தவறாக இருந்தால் இருப்பு அறிக்கை ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியில் நாங்கள் ஒரு பிற்பகல் முழுவதும் செலவழித்தோம். முகவர் தன் அறிக்கையைப் பாதுகாப்பான இணைப்பில் அனுப்பும்படி அமைத்திருந்தேன். அனுப்பும் முன் அது மையக் கணினியிடம் சான்றிதழைக் கேட்கும். அந்தச் சான்றிதழில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். நான் அதை உருவாக்கியது அந்த மார்ச் மாதத்தில்தான். 2012இல் வாழும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் போலி என்று கருதித் தொடர்பைத் துண்டித்துவிட்டது. தீர்ந்த மின்கலம் போட்ட கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இணையப் பக்கங்கள் திறக்க மறுப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம். இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. ஆனால் வேறுபாடு ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது பெரும்பாலும் தானாகத் திருத்துவதில்லை.

மின்கலத்தைக் கழற்றி, இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பல்பயன் மானியைக் கொண்டுவந்து அளந்தோம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. பழையவை இரண்டும் 2 வோல்ட்டைத் தாண்டவில்லை. மின்னழுத்தம் பற்றிய பாடத்தை நான் நடத்துவதில்லை. ஆனால் அந்தப் பாடம் அன்று நன்றாக நடந்தது. சேலம் கடைவீதியில் வாங்கி வந்த இரண்டு மின்கலங்கள் செலவு. 19.

மூன்றாவது மடிக்கணினி. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் ஒன்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று. நான் முகவரை விண்டோஸில் நிறுவியிருந்தேன். அந்த மடிக்கணினியைப் பயன்படுத்தும் தமிழாசிரியை எப்போதும் பாஸிலேயே இயக்குகிறார். இரவுக் காவலரை நியமித்துவிட்டுப் பகலில் தேடியது போல. அதிலும் நிறுவினேன். 20.

இன்னும் நான்கு வேண்டும். ஒன்று இயங்காத கணினி. பொருள் அறையில் கிடந்தது. அது எப்படியும் பேசாது. ஆகவே திரையில் 23 வர வேண்டும். மூன்று குறைகிறது. அட்டவணையில் எல்லாம் சரியாக இருந்தது. முகவரி சரி, தேதி சரி, முகவர் ஓடுகிறது, ‘அறிக்கை அனுப்பப்பட்டது’ என்று பதிவும் இருக்கிறது. ஆனால் 5, 6, 7, 8 ஆகிய மேசைகளுக்குச் சேர்த்து மையத் திரையில் ஒரே ஒரு வரிதான்.

இரண்டு நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்டுபிடித்தது அந்தத் தேதியை எழுதிய அதே மாணவி. மையத் திரைக்கு முன் உட்கார்ந்து மணிக்கொரு முறை எழுதச் சொல்லியிருந்தேன். மாலையில் வந்து, “டீச்சர், இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் காலையில நினைவகம் 4 ஜிபின்னு இருந்துச்சு. மத்தியானம் 8 ஜிபி. இப்போ திரும்ப 4. யாராவது மாத்தி மாத்திப் போடுறாங்களா?” என்று கேட்டாள்.

யாரும் மாற்றவில்லை. நான்கு கணினிகள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முன்பு வந்ததன் விவரத்தை அழித்துவிட்டுத் தன் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தன.

காரணம் நான்தான். அந்த நான்கில் இயங்குதளம் பழுதாகிக் கிடந்தது. ஒன்றில் லினக்ஸைப் புதிதாக நிறுவி, தமிழ் விசைப்பலகை, ஜியோஜீப்ரா, முகவர் எல்லாவற்றையும் சேர்த்து அழகாக அமைத்துவிட்டு, நேரம் மிச்சம் என்று அந்த வட்டை அப்படியே மற்ற மூன்றிலும் படியெடுத்துவிட்டேன். க்ளோன்ஸில்லா போன்ற மென்பொருளால் அரை மணியில் முடிகிற வேலை. முகவர் முதன்முதலில் ஓடும்போது கணினியின் பெயரையும் அந்த நாளையும் நேரத்தையும் சேர்த்து ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. வட்டைப் படியெடுத்தபோது கணினியின் பெயரும் அந்தக் கோப்பும் சேர்ந்தே படியாகிவிட்டன.

மாணவர்களிடம் இதைச் சொல்லத் தொடங்கும் முன்பே ஒருவன் முந்திக்கொண்டான். அந்த வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், தலைப்பெழுத்தும் ஒன்று. “நீங்க பேரு கூப்பிடுறப்ப நான் லீவுன்னாலும் அவன் உள்ளேன்னு சொல்லிடுவான்ங்க டீச்சர். எனக்கு வருகை வந்துடும்.” எமிஸ் எண் எதற்கு என்று அதுவரை யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு விளக்கவும் தேவைப்படவில்லை.

அடுத்த கேள்வியும் அவர்களுடையதுதான்: அப்படியானால் கணினிக்கு யாராலும் படியெடுக்க முடியாத எண் உண்டா? இதை ஒரு கணித வகுப்பாகவே நடத்தினேன். வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி என்று ஓர் எண் உண்டு. அது 12 பதினாறடிமான இலக்கங்கள் கொண்டது, அதாவது 48 இருமங்கள். முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். மறுபாதி அவர் அந்த அட்டைக்குக் கொடுத்த எண். 2இன் அடுக்கு 48 எவ்வளவு என்று கணக்கிடச் சொன்னேன். ஏறத்தாழ 281 லட்சம் கோடி. ஒன்பதுக்கு மேல் எண்ணுவதற்கு எழுத்துகளைப் பயன்படுத்தும் பதினாறடிமானம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் 24 உண்மையான எண்கள் கண்ணெதிரே இருக்கும்போது, பாடத்தில் இல்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்? முதல் ஆறு இலக்கங்கள் எந்தெந்த மேசைகளில் ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்து, எவையெல்லாம் ஒரே தொகுதியில் வந்தவை என்று அவர்களே பிரித்துவிட்டார்கள். அந்தப் பிரிவு, பதிவேட்டில் இருந்த வழங்கல் நாள்களோடு ஒத்துப்போனது.

மேக் முகவரியும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அட்டையை மாற்றினால் எண் மாறும். இப்போதைய கைப்பேசிகள் வைஃபையில் இணையும்போது தம் உண்மையான எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. முன்பு துழாவியபோது கைப்பேசிகள் ஆசிரியர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தீர்வு எளிது. மூன்று கணினிகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, முகவர் எழுதி வைத்திருந்த அடையாளக் கோப்பை அழித்து, மறுபடி ஓட்டினோம். சிறிது நேரத்தில் திரையில் 23 வரிகள். பிள்ளைகள் கை தட்டினார்கள். இனி வட்டைப் படியெடுப்பவர்கள் முகவரைக் கடைசியாக, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறுவுங்கள்.

இனித்தான் உண்மையான வேலை. 23 வரிகளையும் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். 19 எண்கள் அப்படியே பொருந்தின. மூன்று எண்களில் ஓரெழுத்து வேறுபாடு. பதிவேட்டில் சுழியம் இருந்த இடத்தில் திரையில் ஆங்கில ‘ஓ’. எட்டு இருந்த இடத்தில் ‘பி’. கையால் எழுதி, அதைப் பார்த்து மற்றொருவர் தட்டச்சு செய்து, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியதன் விளைவு. கணினி எழுதிய எண்ணே சரி என்று, தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பத்தோடு பதிவேட்டில் திருத்தினோம். அடித்தல் மேல் எழுதாமல், பழைய எண் தெரியும்படி ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். தணிக்கையில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மீதி ஒரு வரி. மேசை 11. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில், ‘உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது’ என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாசகம். தாய்ப்பலகை பழுதாகி வேறொன்று மாற்றப்பட்டால் இப்படி வரும். புதிய பலகையில் பழைய எண்ணை யாரும் பதிப்பதில்லை. தொகுத்து விற்கப்படும் கணினிகளிலும் இதே வாசகம் இருக்கும். பத்துக் கணினிகளில் இதே வாசகம் இருந்து, அதை வரிசை எண் என்று கருதிச் சேர்த்துவிட்டால், பத்தும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு.

ஆகப் பதிவேட்டில் இரண்டு எண்கள் மீதி. தரையில் இரண்டு கணினிகள் மீதி: மேசை 11இல் இருப்பது, பொருள் அறையில் இயங்காமல் கிடப்பது. எது எது?

“எதையாவது போட்டுக்கலாமே டீச்சர், கணக்கு சரியாத்தானே வரும்?” என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இயங்காத கணினியைப் பயனற்றதென்று கழிக்கப் பரிந்துரைக்க வேண்டும். எண்ணை மாற்றி எழுதினால், நல்ல கணினியைக் கழித்துவிட்டு, கழித்ததைப் பொறுப்பில் வைத்திருப்பதாக ஆகும். அடுத்த முறை தடை வரும்போது கையொப்பம் என்னுடையதாக இருக்கும். அதற்கு முந்தைய கையொப்பம் ஓய்வு பெற்ற ஒருவருடையதாக இருக்கும்.

மென்பொருளால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையிலிருந்து ஒரு 40 பக்க நோட்டை எடுத்தார். முதல் நாளிலிருந்து பழுது பார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர் தனக்காக எழுதி வைத்திருந்தது. யாரும் கேட்கவில்லை, எந்தப் படிவத்திலும் இல்லை. பாதி பென்சிலில். புரட்டிப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மேசை 11, தாய்ப்பலகை மாற்றியது, ஒரு தேதி, பழைய வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். அவை பதிவேட்டில் மீதமிருந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தின.

உறுதி செய்துகொள்ள, இயங்காத கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். ஈரம் அதிகம் படாத உட்புறத்தில், மின்வழங்கிக்கு அருகே ஒரு சிறு சீட்டு தப்பித்திருந்தது. அதிலிருந்த எண் மற்றொன்று. 24.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். இந்த மென்பொருள் வரிசை எண்ணை மட்டும் திரட்டுவதில்லை. கணினியில் என்னென்ன நிரல்கள் உள்ளன, யார் பெயரில் நுழைந்தார்கள் என்பதையும் திரட்டும். எனவே தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடங்காதீர்கள். ஆசிரியர்களின் சொந்த மடிக்கணினியில் நிறுவாதீர்கள். மையக் கணினியின் கடவுச்சொல்லை நிறுவும்போது வந்தபடியே விட்டுவைக்காதீர்கள். கணினிகள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தால், தகட்டைக் கழற்றும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். மாணவர்கள் கழற்றினால் மின்கம்பியை முதலில் பிடுங்கிவிட்டு, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வரிசை எண்களை இப்போது நாங்கள் சீட்டில் எழுதுவதில்லை. அழியா மையால் பெட்டியின் உட்புறத்தில் எழுதுகிறோம். மூன்று மழை தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.

அச்செடுத்த அறிக்கை, திருத்திய பதிவேடு, மாணவர்களின் அட்டவணை, நோட்டுப் பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் சேர்த்துத் தணிக்கைத் தடைக்கு விளக்கம் அனுப்பினோம். மே மாதம் மூன்றாவது வாரம் தடை நீங்கியது. ஒப்படைப்புப் பட்டியலில் சார் 24 இடத்திலும் கையொப்பமிட்டார். நானும் இட்டேன். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகக் கேட்டேன். “இதுல என்னம்மா இருக்கு?” என்றார். பிறகு கொடுத்தார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் கணக்கெடுப்பை ஓட்டினேன். 23 வரிகளும் வந்தன. அடுத்த வாரம் 22. அலுவலகக் கணினிக்கு ஆளனுப்பி முகவரியைப் பார்க்கச் சொன்னேன். 169.254 என்று தொடங்குவதாகச் சொன்னார்கள். மறுபடியும் எலி.